எங்க சபை பெரியவங்க பைபிள் ஸ்டடி: ஏழு வருஷம் மாத்தி மாத்தி எடுத்த பாடமும் பட்ட பாடும்

நான் பைபிள் காலேஜ் எல்லாம் போனவ இல்லைங்க, காவேரிப்பட்டணம் பக்கம் சின்னதா தையல் கடை வெச்சிருக்கேன். 2018ல எங்க பாஸ்டர், "சிஸ்டர், வியாழக்கிழமை சாயங்காலம் பெரியவங்க குரூப்ப நீங்க பாத்துக்கோங்க"ன்னு சொல்லிட்டு போயிட்டாரு, என்ன நடத்தணும்னு அவரும் சொல்லல நானும் கேக்கல. அதுக்கப்புறம் வாங்கினது, டவுன்லோட் பண்ணது, பாதில விட்டது எல்லாம் சேத்தா ஒரு பீரோ ரொம்பும். உங்க சபைல புதுசா ஏதாவது வாங்கலாம்னு யோசிச்சுட்டு இருந்தா காசு குடுக்கறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சுடுங்க.

முதல்ல எங்க குரூப்ல யாரு யாருன்னு சொல்லிடறேன், ஏன்னா நான் தப்பு பண்ணதே அத யோசிக்காம புக்க மட்டும் பாத்து வாங்கினதுலதான். பதினஞ்சு பேர் வருவாங்க. ரெண்டு தம்பிங்க ஓசூர் சிப்காட்ல வேலை, வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும், அதனால ஒரு வாரம் வந்தா அடுத்த வாரம் வர மாட்டாங்க. மாந்தோப்பு குத்தகைக்கு எடுக்கற அண்ணா ஒருத்தர், சீசன்ல மாங்கூழ் ஃபேக்டரிக்கு போற அக்காங்க நாலு பேர், தெலுங்கு பைபிள்தான் தூக்கிட்டு வருவேன்னு நிக்கற ஒரு தாத்தா, அப்புறம் எல்லாருக்கும் முன்னாடி வந்து சுவரோரமா உக்காந்துக்கற ஒரு பாட்டி.

முதல்ல வாங்கினது இங்கிலீஷ்ல இருந்து மொழிபெயர்த்த ஒரு ஒர்க்புக், 12 வாரப் பாடம், ஒன்னு 150 ரூபா. அட்டை எல்லாம் அருமையா இருந்துச்சு, பேரு வேண்டாம். முதல் பாடத்துலயே "உங்களுக்கு மிகவும் பிடித்த விடுமுறை அனுபவத்தைக் குழுவினரோடு பகிர்ந்துகொள்ளுங்கள்"னு போட்டிருந்துச்சு. ஃபேக்டரிக்கு போற அக்கா ஒருத்தங்க, "மழை புடிச்சுகிட்டு வேலை இல்லைன்னு திருப்பி அனுப்பினா அதான் லீவு, அன்னிக்கு கூலியும் இல்ல"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சோம், ஆனா அங்கருந்து பாடத்துக்கு எப்படி போறதுன்னு எனக்கு தெரியல. நாலாவது பாடத்துல வீட்டு அடமானத் தவணை, பனி பெஞ்ச காலைலன்னு ஒரு உதாரணம் வேற.

அதெல்லாம் கூட பரவால்ல, கோடிட்ட இடத்தை நிரப்புகதான் பெரிய பிரச்சனை. "தேவன் ______ இருக்கிறார்"னு இருக்கும், 1 யோவான் 4:8 எடுத்து பாத்து "அன்பாகவே"ன்னு எழுதணும். நாப்பது, அம்பது வயசு ஆளுங்க அத எழுதி முடிச்சுட்டு அடுத்தது என்னன்னு என் மூஞ்சிய பாப்பாங்க, ஒரு பேச்சும் வராது. அந்த பாட்டி ஒவ்வொரு வாரமும், "கண்ணாடிய மறந்துட்டேன் கண்ணு, நீயே எழுதிடு"ம்பாங்க, நானும் எழுதிக் குடுத்துட்டு இருந்தேன். ஒருநாள் ஜாக்கெட் குடுக்க அவங்க வீட்டுக்கு போனப்ப பேத்திகிட்ட "பாட்டி கண்ணாடிய பையில போட்டு அனுப்பும்மா"ன்னேன். "பாட்டிக்கு கண்ணாடியே கிடையாதுக்கா, படிக்க தெரியாது"ன்னுச்சு. அந்த புக் டிவி மேல இருந்துச்சு, பொறட்டி பாத்தா எல்லா கோட்டுலயும் என் கையெழுத்து. அன்னிக்கு ராத்திரி எனக்கு சரியா தூக்கமே வரல.

2019ல வருஷத்துல பைபிள் முழுசும் படிக்கற திட்டம். மொத்தம் 1189 அதிகாரம், தினம் மூணு, சில நாள் நாலு படிச்சா வருஷத்துல முடியும். ஆதியாகமம் பொங்கலோட சூப்பரா முடிஞ்சுச்சு, மாட்டுப் பொங்கல் அன்னிக்கு கூட யோசேப்பு கதைய பேசினோம். யாத்திராகமம் 25ல ஆசரிப்புக்கூடாரத்து (இஸ்ரவேலர் வனாந்தரத்துல போட்ட வழிபாட்டுக் கூடாரம்) அளவு எல்லாம் வர ஆரம்பிச்சதும் இழுத்துச்சு, லேவியராகமத்துல வண்டி நின்னே போச்சு. மார்ச்ல நாலு பேர்தான் மிச்சம். திட்டத்த குறை சொல்ல மாட்டேன், வீட்ல தனியா உக்காந்து படிக்கறவங்களுக்கு நல்லது, எங்க பாஸ்டர் இப்பவும் மக்செய்ன்னு ஸ்காட்லாந்து போதகர் 1842ல தன்னோட சபைக்கு போட்டுக் குடுத்த அட்டவணையதான் படிக்கறாரு. ஆனா அது குரூப்பா உக்காந்து பேசறதுக்கு இல்ல.

வீடியோ பாடமும் ஓட்டினோம், டப்பிங் பண்ணது, நாப்பது நிமிஷம். நாள் பூரா நின்னு வேலை செஞ்சுட்டு வந்தவங்கள உக்கார வெச்சு லைட்ட அணைச்சு ஃபேனையும் போட்டா என்ன ஆகும்? முடிஞ்சதும் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா "நல்லா பேசினாருங்க"ன்னு ஒரே பதில். அந்த சமயத்துலதான் லண்டன்ல 1977ல ஆரம்பிச்ச ஆல்ஃபா கோர்ஸ் பத்தி கேள்விப்பட்டேன், அது விசுவாசத்துக்கு புதுசா வர்றவங்களுக்கானது, எங்களுக்கு பொருந்தல, ஆனா முதல்ல சாப்பாடு அப்புறம் பேச்சுங்கற ஐடியாவ மட்டும் எடுத்துக்கிட்டோம். அன்னில இருந்து சுண்டல், இல்லைன்னா அவிச்ச வேர்க்கடலை. இந்த ஒன்னுதான் எந்த பாடத்துக்கும் மாறாம ஓடுது.

2020ல லாக்டவுன். வேற வழி இல்லாம வாட்ஸப்ல ஒரு பகுதிய நானே வாசிச்சு ஆடியோவா போட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டேன், அதுவும் பாடப் புக்குல இருந்து இல்ல, "இதுல உங்களுக்கு எது ஆச்சரியமா இருந்துச்சு?"ன்னு. ராத்திரி ஒம்பது மணிக்கு பேத்தி ஃபோன்ல இருந்து அந்த பாட்டியோட ஆடியோ வருது, ரெண்டே முக்கால் நிமிஷம்! ரெண்டு வருஷமா குரூப்ல வாய தொறக்காதவங்க பெரும்பாடுள்ள ஸ்திரீ, அதாவது தீராத ரத்தப்போக்கோட இயேசுகிட்ட வந்த பொண்ணு கதைய அப்படியே திருப்பி சொல்லிட்டு, "பன்னண்டு வருஷம் வைத்தியருக்கே காசெல்லாம் போச்சுன்னு எழுதியிருக்கே, எழுதினவருக்கு வீட்டு கஷ்டம் தெரிஞ்சிருக்கு"ன்னு முடிச்சாங்க. அதுக்கப்புறம் நான் புக்கே வாங்கல.

இப்ப நாங்க பண்றது இதுதான். மாற்கு எடுத்தோம், இயேசுவோட வாழ்க்கைய சொல்ற நாலு சுவிசேஷத்துல சின்னது, 16 அதிகாரம். வாரம் ஒரு சம்பவம், பத்து பதினஞ்சு வசனம். ரெண்டு தடவ சத்தமா வாசிப்போம், அப்புறம் எல்லாரும் பைபிள மூடிடணும், ஒருத்தர் கதைய தன் வாயால சொல்லணும், விட்டதையும் கூட சேத்ததையும் மத்தவங்க புடிப்பாங்க. இதுல பாட்டிய மிஞ்ச ஆள் இல்ல. அதுக்கப்புறம் மூணு கேள்வி: இயேசு யாருன்னு இதுல என்ன தெரியுது, மனுஷங்களப் பத்தி என்ன தெரியுது, இந்த வாரம் நாம என்ன செய்யணும். அவ்ளோதான். ஒவ்வொரு சம்பவமும் தனியா நிக்கறதால ஷிஃப்ட் தம்பிங்க ரெண்டு வாரம் வரலைன்னாலும் ஒட்டிக்கறாங்க. மாற்கு முடிக்க ஒன்றரை வருஷம் ஆச்சு, யாருக்கும் அவசரம் இல்ல.

பழைய திருப்புதல் (பழைய தமிழ் மொழிபெயர்ப்பு) பைபிள்தான் எல்லார் கையிலயும், அது 1871ல வந்த மொழிபெயர்ப்ப ஒட்டினது, அதனால சில வார்த்தை இப்ப வேற மாதிரி கேக்கும். ரெண்டாம் அதிகாரத்துல "திமிர்வாதக்காரன்"னு வாசிச்சதும் சிப்காட் தம்பி, "திமிர் புடிச்சவனையா அக்கா நாலு பேர் தூக்கிட்டு வந்தாங்க?"ன்னான். கை கால் விழுந்து போனவன்னு சொல்லி புரிய வெச்சேன். கூரைய பிரிச்சு எறக்கினாங்கன்னு வந்ததும் ஒரு அக்கா, "சரி, அந்த வீட்டுக்காரருக்கு கூரைய யாரு வேஞ்சு குடுத்தாங்க?"ன்னாங்க. எந்த ஒர்க்புக்லயும் நான் பாக்காத கேள்வி, அரை மணி நேரம் அதுலயே ஓடுச்சு. விதைக்கறவன் உவமைக்கு நான் பேசவே வேண்டியதில்ல, பாறை மேல மண்ணு மெல்லிசா இருந்தா கேழ்வரகு மொளைச்சு வந்து வெயில்ல எப்படி கருகும்னு எங்க ஆளுங்களுக்கு நான் சொல்லணுமா என்ன.

அதுக்கப்புறம் யாக்கோபு எழுதின நிருபம், அதாவது கடிதம், அஞ்சே அதிகாரம், 108 வசனம். அஞ்சாம் அதிகாரம் வந்தது சரியா மே மாசம், மாங்கா சீசன் நடுவுல. வயல் அறுத்தவங்களோட கூலிய புடிச்சு வெச்சா அது கூக்குரல் போடும்னு நாலாம் வசனத்துல வருதில்ல, வாசிச்சு முடிச்சதும் யாரும் பேசல. அப்புறம் ஒரு அக்கா தலைய குனிஞ்சுகிட்டே, "போன வருஷம் பறிச்சதுக்கு எங்களுக்கு இன்னும் நாலு நாள் கூலி வரணும்"னாங்க. யாரு தரணும்னு சொல்லல. தோப்பு அண்ணா சுண்டல் தட்டையே பாத்துட்டு இருந்தாரு. ரெண்டு வாரம் அவரு வரல, நான் வீட்டுக்கு போய் கூப்பிடவும் இல்ல. மூணாவது வாரம் வந்து எப்பவும் உக்கார்ற எடத்துலயே உக்காந்தாரு. கூலி போச்சா இல்லையான்னு நான் கேக்கல.

இதுலயும் குறை இருக்கு, மறைக்க மாட்டேன். நடத்தறவங்க தயார் ஆகாம வந்தா ஆளாளுக்கு தோணினத சொல்லி எங்கயோ போயிடும், ஒரு பிரதர் எந்த வசனத்த எடுத்தாலும் கடைசி காலத்துல கொண்டு போய் நிறுத்துவாரு, "அத அப்புறம் பேசலாங்க பிரதர்"னு சொல்லி சொல்லி வாய் வலிச்சுச்சு. மாற்கு 16ல ஒரு தம்பி மொபைல் ஆப்ல வேற மொழிபெயர்ப்பு பாத்துட்டு, "9ஆம் வசனத்துல இருந்து பழைய பிரதில இல்லைன்னு கீழ போட்டிருக்கேக்கா"ன்னு கேட்டான், எனக்கு வேர்த்துடுச்சு. அடுத்த வாரம் பாஸ்டர் வந்து, சினாய் பிரதி, வத்திக்கான் பிரதின்னு ரொம்ப பழைய கிரேக்க கையெழுத்துப் பிரதிங்க ரெண்டுமே 8ஆம் வசனத்தோட முடியுதுன்னு பொறுமையா சொன்னாரு. அதனால ஒரு நல்ல விளக்கவுரையும், கேட்டா சொல்ல ஒரு ஆளும் கட்டாயம் வேணும். பவுல் எழுதின ரோமர் நிருபம் எடுத்து பாத்தோம், பவுல் ஐயா வாதத்த கதை மாதிரி திருப்பி சொல்ல முடியல, மூணாம் அதிகாரத்தோட மூடி வெச்சுட்டோம்.

அடுத்தது ரூத், நாலு அதிகாரம், 85 வசனம். நெகேமியாவுக்கும் ஓட்டு விழுந்துச்சு, ஆனா பாட்டி "கதிர் பொறுக்கற பொண்ணு கதைய எடு கண்ணு"ன்னு சொல்லிட்டாங்க. ஜூலை முடிஞ்சு மாங்கா மண்டி வேலை அடங்கினதும் ஆரம்பம். வாங்க வேண்டியது பெரிய எழுத்து பைபிள் ரெண்டு, வேர்க்கடலை ரெண்டு கிலோ.