தாள் எடுக்க ரப்பர் ரோலரா, வேக்குவமா?

தாள்களை ஒவ்வொன்றாக உள்ளே அனுப்பும் இயந்திரம், அடுக்கில் மேலே இருக்கும் ஒரு தாளை மட்டும் எடுத்து, கோணாமல், சொன்ன நேரத்தில் அடுத்த நிலைக்குத் தள்ள வேண்டும். கேட்க எளிதான வேலை. மணிக்கு 10,000 தாள் என்று வைத்தால் ஒரு தாளுக்குக் கிடைப்பது 0.36 விநாடி, தாளை அடுக்கிலிருந்து பிரித்து எடுக்க அதில் ஒரு பங்குதான் மிஞ்சும். என் முதல் இயந்திரத்தில் ரப்பர் ரோலர் போட்டேன், இரண்டாவதில் வேக்குவம், அதாவது பம்ப் காற்றை உறிஞ்ச, ரப்பர் கப் தாளைக் கவ்வித் தூக்கும் முறை. மூன்றாவது கட்டினால் வேக்குவம்தான். அந்தச் சார்போடுதான் எழுதுகிறேன்.

ரோலரின் கணக்கு மூன்று பிடிப்புகளின் கணக்கு. ரோலருக்கும் தாளுக்கும் இடையே உராய்வு அதிகம், அடியில் இருக்கும் தடுப்புப் பட்டைக்கும் தாளுக்கும் நடுத்தரம், தாளுக்கும் தாளுக்கும் குறைவு. இந்த வரிசை குலையாதவரை மேல் தாள் முன்னே போகும், கூடவே கிளம்பும் இரண்டாவது தாளைப் பட்டை நிறுத்திவிடும். செலவு குறைவு, சத்தம் குறைவு, பம்பும் குழாயும் வேண்டாம். மேசை மேல் இருக்கும் பிரிண்டர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தாள் எடுக்கின்றன.

சிக்கல் ஓட ஓடத்தான் தெரியும். காகிதத் தூசி ரப்பரில் படிந்து பளபளப்பு ஏறும், பிடிப்பு இறங்கும். ஆல்கஹாலில் துடைத்தால் கொஞ்ச நாள் சரியாக இருக்கும், அப்புறம் மறுபடி வழுக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னை மாற வைத்தது தேய்மானம். 40 மி.மீ. விட்டமுள்ள ரோலரின் மேற்பரப்பு 0.2 மி.மீ. தேய்ந்தால் விட்டம் 39.6 ஆகிறது. சுற்றளவில் 1 சதவீதம் போய்விட்டது. 300 மி.மீ. தள்ள வேண்டிய தாள் 297-லேயே நின்றுவிடும். மோட்டார் தன் கணக்கில் சரியாகத்தான் சுற்றியிருக்கும். இரண்டு ரோலரில் ஒன்று மட்டும் கூடுதலாகத் தேய்ந்தால் இன்னும் மோசம்: தாள் கோணலாகப் போகும், நீங்கள் பக்க வழிகாட்டியைத் திருகித் திருகிப் பார்ப்பீர்கள். நான் ஒரு வாரம் அதைத்தான் செய்தேன்.

தாளின் முன்விளிம்பை சென்சாரில் பார்த்து அடுத்த ரோலரைத் திருத்தலாமே என்பீர்கள். செய்யலாம், செய்தேன். ஆனால் ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு அளவில் வழுக்கும்போது அந்தத் திருத்தத்துக்கு வேண்டிய நேரம் தாள்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைத்தான் தின்கிறது. வேகத்தைக் குறைப்பதுதான் மிச்சம்.

வேக்குவத்திலும் ரப்பர் இருக்கிறது, கப்பும் தேயும். ஆனால் கப் தாளைப் பிடிக்க மட்டும் செய்கிறது. எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதை முடிவு செய்வது கேம் (சுழன்று தள்ளும் வடிவச் சக்கரம்) அல்லது டைமிங் பெல்ட் (வழுக்காத பல் வைத்த பட்டை). ரோலரில் தேயும் பாகமே அளக்கும் பாகமும். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே மற்ற தொல்லைகளை நான் ஏற்றுக்கொண்டேன். கப் கிழிந்தால் அழுத்தமானி காட்டிக்கொடுக்கும், கையாலேயே கழற்றி மாட்டலாம், அதன் பிறகு எந்த அளவையும் திருத்த வேண்டியதில்லை.

தொல்லைகளும் உண்டு. முதல் தவறு என்னுடையது: உறிஞ்சலைத் திறந்து மூடும் வால்வை, கப்பிலிருந்து தள்ளி, மின்பெட்டிக்குள் வைத்துவிட்டேன். 8 மி.மீ. உள்விட்டக் குழாய் 2 மீட்டர் ஓடினால் உள்ளே 100 க.செ.மீ. காற்று. கப்புக்குள் இருப்பதோ அதில் மிகச் சிறு பங்கு. ஒவ்வொரு முறையும் அந்தக் குழாய் முழுவதையும் உறிஞ்சி, பிறகு மறுபடி நிரப்ப வேண்டியிருந்தது. தாள் தாமதமாக எழுந்தது, தாமதமாக விடுபட்டது. வால்வைக் கப்பிலிருந்து 15 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுவந்தேன், விடும்போது சிறிது காற்றை ஊதவும் வைத்தேன். அதோடு தீர்ந்தது.

இரண்டாவது, டபுள், அதாவது இரண்டு தாள் சேர்ந்து வருவது. மெல்லிய காகிதம் காற்றை ஊடுருவ விடும், அதனால் உறிஞ்சல் அடுத்த தாளையும் சேர்த்து இழுக்கும். ஆரம்பத்தில் பயந்து உறிஞ்சலைக் கூட்டினேன். அது நேர் எதிர் மருந்து. 80 கிராம் தரத்தில் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாளின் எடை 5 கிராம்தான், அதைத் தூக்கப் பெரிய பலம் எதற்கு? உறிஞ்சலைக் குறைத்து, அடுக்கின் பக்கவாட்டில் காற்றை ஊதி மேல் தாள்களைத் தளர்த்தினேன். அதையும் மீறி வருவதைப் பிடிக்க, தாளின் ஊடே காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பிப் பார்க்கும் அல்ட்ராசோனிக் சென்சார்: இரண்டு தாள் என்றால் நடுவில் காற்றுப் படலம் இருக்கும், ஒலி வெகுவாகக் குறைந்துவிடும்.

பம்ப் மின்சாரம் தின்னும், இரையும், வடிகட்டியில் தூசி அடைக்கும். நாளெல்லாம் ஓடாத சிறு இயந்திரத்துக்கு ரோலரே போதும். துளையிட்ட தாளுக்கும் அதுதான் வசதி, கப் துளைமேல் உட்கார்ந்தால் பிடிக்காது. என் அனுபவம் காகிதமும் அட்டையும்தான். பிளாஸ்டிக் ஷீட்டில் சில நாள்தான் ஓட்டிப் பார்த்தேன். நிலைமின்னால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தது, நிலைமின்னை நீக்க அயனி ஊதும் பட்டை வைத்த பிறகுதான் பிரிந்தது. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

முதல் இயந்திரம் இன்னும் ஓடுகிறது. மாதம் ஒருமுறை ரோலரை வெர்னியரில் அளந்து, புதிய விட்டத்தைக் கண்ட்ரோலரில் பதிகிறேன்.