இறகுப் பின்னல் கரை: எதை வரைவது, எதை விடுவது?

இறகுப் பின்னல் என்று குவில்ட் (இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைப்பவர்கள் சொல்வதைப் பார்த்ததும் எங்கள் ஆச்சி, "இது நம்ம சிக்குக் கோலம்லா?" என்றாள். கிட்டத்தட்ட அதுதான். இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று தாண்டித் தாண்டி ஓடும். அவற்றின் வெளிப்பக்கமெல்லாம் அரை மாங்காய் வடிவில் இறகு வரிசை. வட இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஒற்றை நிறத் துணியில் வெறும் ஓட்டுத் தையலிலேயே இதைக் கொண்டுவந்தார்கள். வாசலில் கோலம் போட்டுப் பழகிய கைக்கு வடிவம் சிரமமில்லை. சிரமமெல்லாம் கரையின் நீளத்துக்குள் அதை அடக்குவதில்தான்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் இப்போது விரித்திருக்கும் போர்வையையே எடுத்துக்கொள்கிறேன். நடுப்பகுதி 47½ அங்குலத்துக்கு 70. சுற்றிலும் 6 அங்குலக் கரை. கையில் இருக்கும் பிளாஸ்டிக் ஸ்டென்சிலில் ஒரு கண், அதாவது ஒரு தாண்டலிலிருந்து அடுத்த தாண்டல் வரை, 8 அங்குலம். சின்னப் பக்கத்தில் ஆறு கண் போட்டால் அரை அங்குலம்தான் இடிக்கும், சமாளித்துவிடலாம். பெரிய பக்கத்தில் ஒன்பது போட்டால் 2 அங்குலம் இடிக்கிறது. ஒவ்வொரு தாண்டலிலும் ஸ்டென்சிலைக் கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். ஐந்தாவது கண்ணில் கவனம் சிதறினால் மூலையில் பின்னல் மூச்சு முட்டி நிற்கும்.

காகித முறையில் இந்தத் தலைவலி இல்லை. கரையின் நீளத்துக்குப் பழுப்புத் தாளை ஒட்டி வெட்டி, பெரிய பக்கத்துக்கு மூன்றாக மடித்து மறுபடி மூன்றாக மடித்தால் ஒன்பது. சின்னப் பக்கத்துக்கு மூன்றாக மடித்து இரண்டாக மடித்தால் ஆறு. ஒரு கண் சின்னப் பக்கத்தில் 7.92 அங்குலம், பெரிய பக்கத்தில் 7.78. வித்தியாசம் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம்தான். எந்த மாமியார் கண்ணுக்கும் தெரியாது. ஸ்டென்சில் வாங்கியவர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, என் ஓட்டு தாளுக்குத்தான். அகலத்திலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். விளிம்புப் பட்டி கால் அங்குலத்தைத் தின்றுவிடும் என்பதால் மேலும் கீழும் அரை அங்குலம் சும்மா விட்டு, 5 அங்குலத்துக்குள் அடக்கினேன்: பின்னலுக்கு 2½, இறகுக்கு இருபுறமும் 1¼.

மூலை? நான்கு மூலைச் சதுரத்துக்கும் ஒவ்வொரு வளைந்த கண். ஆறு, ஒன்பது, ஆறு, ஒன்பது, மூலைக்கு நான்கு: மொத்தம் 34 கண். ஒரே கம்பியாகச் சுற்றி முடியும் கோலம் போல இதுவும் நூலை அறுக்காமல் முடியாதா என்று ஒரு ராத்திரி முழுக்கத் தாளில் போட்டுப் பார்த்தேன். முடியாது. எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருக்கும்வரை கூட்டுத்தொகை இரட்டைப்படையாகத்தான் வரும். இரட்டைப்படையில் கம்பி தனித்தனி இரண்டு வளையமாகத்தான் மூடும்.

தாளிலிருந்து துணிக்கு மாற்ற, ஆரி வேலைக்காரர்கள் செய்வது போல் கோட்டின்மேல் ஊசியால் துளையிட்டுப் பொடி தேய்க்கலாம். அவர்கள் மண்ணெண்ணெயில் ஜிங்க் பவுடரைக் குழைப்பார்கள். உள்ளே பஞ்சு வைக்கப்போகும் துணிக்கு அந்த வாடை வேண்டாம். பழைய சாக்ஸில் சாக்பீஸ் பொடியைக் கட்டித் தட்டினால் போதும். ஆனால் ஆனி, ஆடிக் காற்றில் ஜன்னலைத் திறந்தால் வரைந்ததெல்லாம் பறந்துவிடும். துணியில் குறிக்கும் நீலப் பேனாவின் கோடு தண்ணீர் பட்டால் போய்விடும், பறக்காது. அதற்குச் சூடுதான் எமன். ஒருமுறை அழிக்கும் முன் இஸ்திரி போட்டுவிட்டேன், அந்தத் தலையணை உறையில் கோடு இன்னும் இருக்கிறது. அடர்நிறத் துணிக்குத் தையல்காரர் வைத்திருக்கும் தேய்ந்த சோப்புச் சில்லை மிஞ்ச எதுவும் இல்லை.

இனி தையல். கையால் தைத்தால் ஒரு கம்பி இன்னொன்றின் அடியில் நுழைவதை அழகாகக் காட்டலாம். ஊசியைப் பஞ்சுக்குள்ளேயே அரை அங்குலம் ஓட்டி, மேலே ஓடும் கம்பிக்கு மறுபக்கம் எடுத்தால் தீர்ந்தது. மெஷினில் அதே இடத்தில் நிறுத்தி, நூலறுத்து, முடிச்சை மறைத்து, மறுபடி தொடங்க வேண்டும், அதுவும் 34 தடவை. அதனால் மெஷின்காரர்கள் மேல் கீழ் பார்க்காமல் கோட்டைக் கோட்டின்மேலேயே ஓட்டிவிடுகிறார்கள். தொலைவிலிருந்து பார்த்தால் பின்னல்தான், கிட்டப் போனால் வெறும் குறுக்குக் கோடு. மேல் துணியையும் கீழ்த் துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் மாட்டி மெதுவாக ஓட்டினால் வளைவு நெளியாது.

இறகை மெஷினில் போட, மிதி மெஷினில் வளையம் மாட்டி எம்பிராய்டரி கற்றவர்களுக்குப் பாதி வேலை ஏற்கெனவே தெரியும். துணியைத் தள்ளும் பல்லை இறக்கி, துணியை அழுத்திப் பிடிக்காத டார்னிங் ஃபுட் மாட்டி, துணியைக் கையால் நகர்த்துவதுதான். இதில் இரண்டு கட்சி. முதல் கட்சி: ஓர் இறகு தண்டுவரை, அதாவது அது முளைக்கும் கம்பிவரை, இறங்கும், அடுத்தது தண்டிலிருந்து ஏறி முந்தையதன் தோளைத் தொடும், அங்கிருந்து தன் தலைமீதே கொஞ்சம் திரும்பிப் போய் மூன்றாவதைத் தொடங்க வேண்டும். வேகமாக வளரும், ஆனால் திரும்பிப் போன இடம் 40 எண் நூலில் தடித்துக் கறுக்கும். 60 எண் மெல்லிய நூல் அதைக் கொஞ்சம் மன்னிக்கும். இரண்டாவது கட்சி இறகுகளைத் தொடவே விடுவதில்லை. ஒவ்வொன்றும் தண்டில் தொடங்கித் தண்டிலேயே முடியும், நடுவில் ஒரு நூல் இடைவெளி. திரும்பிப் போகும் வேலையே இல்லை. கொஞ்சம் தளர்ச்சியாகத் தெரியும் என்பார்கள். பழகும் கைக்கு இதுதான் உத்தமம்.

எந்தக் கட்சியானாலும் இறகை ஒவ்வொன்றாக வரைந்துவிட்டுத் தைப்பதை நான் விட்டுவிட்டேன். வரைந்த கோட்டைத் துரத்தும்போது கை நடுங்குகிறது. ஒரு நூல் விலகினாலும் கண்ணுக்கு உறுத்துகிறது. கம்பிகளை மட்டும் துல்லியமாக வரைந்து, இறகின் உயரத்துக்கு வெளியே ஒரு மங்கலான எல்லைக்கோடு. மற்றது கைப்போக்கு. ஓர் இறகு குண்டாகவும் ஒன்று ஒல்லியாகவும் வரும். வரட்டும்.

கடைசியாக ஒரு வழக்கு பாக்கி: இறகெல்லாம் ஒரே திசையில் கரையைச் சுற்றி ஓடுவதா, ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலிருந்தும் இருபுறமாக மூலையை நோக்கிச் சாய்வதா? ஒரே திசை சுலபம். நடுவிலிருந்து பிரிந்தால் நான்கு மூலையும் கண்ணாடி பார்த்தது போல் இருக்கும், ஆனால் ஒன்பது கண் உள்ள பக்கத்தில் பிரிகிற இடம் ஐந்தாவது கண்ணின் நட்டநடுவில் வருகிறது. அங்கே எதிரெதிராகச் சாய்ந்த இரண்டு இறகுக்கு நடுவே மேலும் கீழும் ஒரு பள்ளம். ஆச்சி எட்டிப் பார்த்து, "அதுல ஒரு பூ வை ஏட்டி" என்றாள். வைத்திருக்கிறேன். இன்னும் ஒரு பக்கம் பாக்கி.