குதிரைத் தீவனம்: அன்றைய கொள்ளா, இன்றைய புல்லா?

ஜட்கா வண்டிக் காலத்தில் குதிரைக்கு வேளைக்கு வேளை ஊறவைத்த கொள்ளு; சவாரிக்கு நடுவே கொஞ்சம் புல். நாள் முழுக்க இழுக்கிற பிராணிக்குத் தெம்பு வேண்டும் என்பதுதான் கணக்கு. கொள்ளை ஊறவைத்தோ வேகவைத்தோ கொடுத்ததும் நல்ல பழக்கம்தான்.

இன்றைய முறை தலைகீழ். புல்தான் சாப்பாடு, தானியம் தொட்டுக்கொள்ள. 400 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 6 கிலோ காய்ந்த புல் வேண்டும். காரணம் வயிற்றில் இருக்கிறது. குதிரையின் இரைப்பை உடம்பளவுக்கு மிகச் சிறியது, ஆனால் அமிலம் இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கும். மென்றால்தான் எச்சில் ஊறும், எச்சில்தான் அமிலத்தைத் தணிக்கும். மணிக்கணக்கில் வெறும் வயிற்றோடு கட்டிப்போட்டால் புண் வரும். மொத்தமாகத் தானியம் கொட்டினால் வயிற்றுவலி, குளம்புக்குள் அழற்சி. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது, பாவம்.

குடற்புழு மருந்திலும் இதே மாற்றம்: முன்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் குதிரைக்கும், இப்போது சாணத்தில் முட்டையை எண்ணிப் பார்த்துத் தேவையானதற்கு மட்டும். புழுக்கள் மருந்துக்குப் பழகிவிட்டன.

என் ஓட்டு புல்லுக்குத்தான். ஆனால் பழைய வண்டிக்காரரின் கண் நமக்கும் வேண்டும். பாதி மென்ற புல் உருண்டையாகக் கீழே விழுந்தால், கடைவாய்ப் பல்லின் ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.