முழுத் தர முகாமைத்துவம் கம்பஸுக்குச் சரிவருமா? திருகோணமலையிலிருந்து ஒரு நீண்டகாலப் பாவனை அனுபவம்

நான் திருகோணமலையில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் முகாமைத்துவம் படிப்பிக்கிறேன். அதோடு உள்ளகத் தர உறுதிப்பாட்டு வேலையும் வருடக்கணக்காக என் தலையில்தான். "டீ.கியூ.எம். எல்லாம் தொழிற்சாலைக்குச் சரி, கம்பஸுக்குச் சரிவருமா?" என்று இந்தப் பொறுப்பைப் புதிதாக ஏற்பவர்கள் கேட்கிறார்கள். டீ.கியூ.எம். (TQM) என்பதுதான் முழுத் தர முகாமைத்துவம்: கடைசியில் பிழை பிடிப்பதை விட்டு, வேலை நடக்கிற வழியையே எல்லோரும் சேர்ந்து தொடர்ந்து திருத்திக்கொண்டு போவது. பரீட்சைக் கிளையில் நன்றாகச் சரிவரும். வகுப்பறையில் பாதி சரிவரும். விரிவுரையாளர்களுக்கு ஆளுக்கு ஆள் புள்ளி போடுவதற்குப் பயன்படுத்தினால் உள்ளதையும் கெடுத்துவிடும். ஏன் இப்படிப் பிரித்துச் சொல்கிறேன் என்பதற்குத்தான் இந்த நீளமான பதிவு.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1950இல் அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் ஜப்பானுக்குப் போய்ப் புள்ளிவிபர முறையிலான தரக் கட்டுப்பாடு பற்றி விரிவுரை செய்தார். அடுத்த வருடமே அவர் பெயரில் அங்கே விருது வழங்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தச் சிந்தனை 80களில் அமெரிக்காவில் பெரிதாகப் பேசப்பட்டு, அங்கிருந்து கல்லூரிகளுக்குள்ளும் நுழைந்தது. எங்கள் நாட்டுக்கு அது வந்த வடிவம் வேறு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் 2015ஆம் ஆண்டுக் கைநூலின்படி, ஒரு பட்டப் பாடநெறி 8 பிரமாணங்களின் கீழ் மீளாய்வு செய்யப்படுகிறது. ஒவ்வொரு பிரமாணத்துக்குள்ளும் பல நியமங்கள், ஒவ்வொரு நியமத்துக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. மொத்தத்தில் 60 வீதத்துக்குக் கீழே போனால் கடைசித் தரமான டீ (D). 80ஐத் தொட்டால் ஏ தரம், ஆனால் எந்தப் பிரமாணத்திலும் குறைந்தபட்சப் புள்ளிக்குக் கீழே போயிருக்கக் கூடாது. எதைச் சொன்னாலும் ஆவணச் சான்று காட்ட வேண்டும். மீளாய்வுக் குழு வரப்போகும் மாதத்தில் போட்டோக்கொப்பி மெஷினுக்கு ஓய்வே இருக்காது. அந்தக் கோப்புகளைக் குறை சொல்ல மாட்டேன், அவற்றால்தான் பல பாடங்களுக்கு முதன்முறையாக ஒழுங்கான பாடத்திட்டம் எழுதப்பட்டது. ஆனால் குழு போன பிறகு அந்த அலுமாரியை யார் திறக்கிறார்கள் என்று கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள்.

சரி, பரீட்சைக் கிளைக்கு வருவோம். மாணவர்களின் பெரிய குறை, பெறுபேறு தாமதமாக வருவது. இதில் ஆளுக்கொரு குற்றவாளி இருந்தார். மாணவருக்கு விரிவுரையாளர், விரிவுரையாளருக்குப் பரீட்சைக் கிளை, பரீட்சைக் கிளைக்குக் கூட்டத் திகதி. டெமிங்கின் 14 அம்சங்களில் ஒன்று, கடைசியில் சோதித்துப் பார்த்துத் தரத்தைக் கொண்டுவர நினைக்காதே என்பது. அப்படியானால் வேலை நடக்கிற வழியைப் பார்க்க வேண்டும். விடைத்தாள் கட்டு ஒன்று மண்டபத்தை விட்டு வெளியேறியதிலிருந்து பெறுபேற்றுச் சபைக்கு வரும்வரை யார் யார் கைக்குப் போகிறது என்று ஒரு பெரிய தாளில் வரைந்தோம். பிறகு ஒவ்வொரு கட்டின் மேலுறையிலும் ஒரு சீட்டு ஒட்டினோம். மூன்றே நிரல்: யார் கையில், பெற்ற திகதி, கொடுத்த திகதி. முதல் தொகுதிச் சீட்டுகளைக் கிளையிலிருந்த அக்கா ஒருவர் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டே தயாரித்தார்.

ஒரு செமஸ்டர் முடிந்து சீட்டுகளைக் கழற்றிப் பார்த்தபோது, திருத்துவதற்கு எடுத்த காலம் சிறிய பங்குதான். கட்டுகள் கிடந்த இடங்கள் இரண்டு. ஒன்று, முதலாம் பரீட்சகர் திருத்தி முடித்துவிட்டார், இரண்டாம் பரீட்சகர் வெளியூரில் இருக்கிறார். கொழும்புக்கோ கண்டிக்கோ யாராவது போகும்வரை கட்டு அலுமாரியில் காத்திருக்கிறது. மற்றது, புள்ளித் தாள் கையொப்பம் இல்லாமல் வந்து திரும்பிப் போகிறது. கையொப்பமிட வேண்டிய இடம் இரண்டாம் பக்கத்தின் அடியில் இருந்தது, அதைப் பலர் பார்ப்பதே இல்லை. முதல் பக்கத்துக்கு மாற்றினோம். இரண்டாம் பரீட்சகரிடம் பரீட்சைக்கு முன்பே திகதி பேசிவைத்தோம். புதிதாக ஆளும் இல்லை, காசும் இல்லை. மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருந்த தாமதத்தை வாரக்கணக்கில் பேசத் தொடங்கினோம். இந்த முழு விஷயத்திலும் எனக்கு மிகவும் திருப்தி தந்த பகுதி இதுதான்.

அதே சீட்டு கெட்டுப்போன கதையும் இருக்கிறது. சில காலத்துக்குப் பிறகு, எந்த விரிவுரையாளர் எத்தனை நாள் பிந்தினார் என்று பெயர்ப் பட்டியல் மேலிடத்திலிருந்து கேட்கப்பட்டது. அடுத்த செமஸ்டர் சீட்டுகளில் திகதிகள் எல்லாம் ஒரே பேனாவில், ஒரே இருப்பில் நிரப்பப்பட்டு மிக அழகாக வந்தன. பொருளியலாளர் சார்ள்ஸ் குட்ஹார்ட் 1975இல் நாணயக் கொள்கை பற்றிச் சொன்ன கருத்து இது: ஓர் அளவீட்டைக் கட்டுப்பாட்டுக்காகப் பிடித்து நெருக்கினால் அது பழையபடி நம்பத்தக்கதாக இருக்காது. பட்டியல் கேட்பது நின்ற பிறகும், சீட்டில் உண்மைத் திகதி வர இன்னும் கொஞ்சக் காலம் எடுத்தது.

வகுப்பறைக்கு வருவோம். மாணவர் திருப்தி அளவிடப் பலரும் எடுப்பது சர்வ்குவால். பரசுராமன், சைதாமல், பெர்ரி மூவரும் 1988இல் வெளியிட்ட 22 கூற்றுகள், 5 பரிமாணங்கள் கொண்ட, சேவைத் தரத்தை அளக்கும் கேள்விக்கொத்து. வங்கி, திருத்தகம் போன்ற சேவைகளை வைத்து உருவானது. அதில் வரும் சராசரியை நான் நம்புவதை விட்டுவிட்டேன். 40 பேர் வகுப்பில் எல்லோரும் 4 போட்டாலும் சராசரி 4, இருபது பேர் 5ம் இருபது பேர் 3ம் போட்டாலும் சராசரி 4. எங்களிடம் அடிக்கடி நடப்பது இரண்டாவது. உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு ஆங்கில மொழிமூலப் பாடத்துக்குள் வருகிற வகுப்பில், பாதிப் பேருக்கு விரிவுரை விளங்கும், மீதிப் பேர் தலையாட்டுவார்கள். அறிக்கையில் அது '4, நன்று' என்று போகும்.

அதற்குப் பதிலாக நான் வைத்துக்கொண்டது ஐந்தாம் வாரத்தில் கொடுக்கும் அரைத் தாள். பெயர் வேண்டாம், விளங்கியது என்ன, விளங்காதது என்ன, அவ்வளவுதான். "சேர், போர்டில எழுதுங்கோ, ஸ்லைட் வேகமாப் போகுது" என்று ஒருவர் எழுதியிருந்தார். செமஸ்டர் முடிவில் நிரப்பும் படிவத்தால் நிரப்பியவருக்கு ஒரு நன்மையும் இல்லை, அடுத்த தொகுதிக்குத்தான் பலன். ஐந்தாம் வாரத்துத் தாளுக்கு ஆறாம் வாரமே பதில் கிடைக்கும்.

மாணவர் வாடிக்கையாளரா என்று கருத்தரங்குகளில் மணிக்கணக்காக விவாதிப்பார்கள். பரீட்சைச் சான்றிதழ் எடுக்க ஜன்னலருகே நிற்கும்போது அவர் வாடிக்கையாளர்தான், வரிசையில் காயவிடக் கூடாது. விடைத்தாளில் 35 எடுத்துவிட்டு நிற்கும்போது அந்தச் சொல்லை நான் எடுக்க மாட்டேன்.

ஒரு பிரச்சினையின் காரணங்களை மீன்முள் போலக் கிளை கிளையாக வரையும் இஷிகாவாவின் மீன்முள் வரைபடமும் எதிர்பாராத இடத்தில் உதவியது. மாலையில் நூலகத்துக்கு ஆள் வருவது குறைவு, திறந்திருக்கும் நேரத்தைக் குறைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. எண்ணிக்கை அதைத்தான் காட்டியது. மாணவர்களையே உட்காரவைத்துக் காரண முள்களை வரையச் சொன்னோம். மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே முள்ளில் வந்து நின்றார்கள்: பஸ். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பிறகு வீட்டிலிருந்து வந்து போகலாம் என்றாகிவிட்டது, ஆனால் பஸ்ஸை விட்டால் வீடு போக வழியில்லை. கடைசி விரிவுரை முடிந்ததும் ஓடத்தானே வேண்டும்? பட்டங்களின் மட்டத்தை வரையறுக்கும் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின் கணக்குப்படி 1 திறமைப்புள்ளி (கிரெடிட்) என்பது 50 மணிநேரக் கற்றல். செமஸ்டருக்கு 15 திறமைப்புள்ளி என்றால் 750 மணிநேரம், 15 வாரத்தில் வாரத்துக்கு 50. அந்த நேரத்தை ஒரு பிள்ளை எங்கே போய்த் தேடும்? நேரசூசியில் விரிவுரைகளை நெருக்கி நடுப்பகலில் இடைவெளி விட்டதும், நூலகத்தில் மதியத்தில் இடம் பிடிக்க வேண்டியதாயிற்று.

தனிநபர் செயலாற்றுகைப் புள்ளி பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. ஆய்வுக் கட்டுரைக்கு இத்தனை, மாநாட்டுக்கு இத்தனை என்று போட்டால் ஒரு கட்டுரை மூன்றாக வெட்டப்படும். வருடாந்த ஆள் மதிப்பீட்டை முகாமைத்துவத்தின் கொடிய நோய்களில் ஒன்றாக டெமிங்கே பட்டியலிட்டார். அவர் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு அதன் கீழே இருந்து புள்ளி போடுகிறோம். கப்லான், நோர்ட்டன் 1992இல் கொண்டுவந்த, காசுக் கணக்கோடு வாடிக்கையாளர், உள் வேலைமுறை, கற்றல் ஆகியவற்றையும் சேர்த்து அளக்கும் சமநிலைப் புள்ளி அட்டை பரவாயில்லை, நிறுவன மட்டத்தில் நிறுத்திக்கொண்டால்.

எனக்கு இன்னும் தீராத தலையிடி, பட்டதாரி வேலைவாய்ப்பு அளவீடு. பட்டமளிப்பு நாளில் தொப்பியும் அங்கியுமாக நிற்கும் பிள்ளையிடம் படிவத்தைக் கொடுக்கிறோம். 'வேலை உண்டா?' என்ற கேள்விக்கு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் 'இல்லை' என்றுதான் போடுவார்கள். அவர்களில் சிலர் ஓ.எல். பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுத்து வீட்டுச் செலவையே பார்க்கிறார்கள். அரச நியமனம் கையில் வரும்வரை அவர்கள் கணக்கில் அது வேலை இல்லை. வீட்டிலும் அப்படித்தான் கணக்கு. 'மாத வருமானம் ஏதும் உண்டா, எதிலிருந்து?' என்று ஒரு வரியைச் சேர்த்தோம். படிவம் வேறு கதை சொல்லத் தொடங்கியது. ஆனால் மேலே அனுப்பும் அட்டவணையில் அதற்கு நிரல் இல்லை. அந்த எண்களை இப்போதைக்குத் தனியாக ஒரு எக்ஸெல் தாளில் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த பாடத்திட்டத் திருத்தத்துக்கு எடுத்துக்கொண்டு போவேன்.