இடம் பிடிப்பதா, நீளத்தை மட்டும் சொல்வதா: ஃபாலோகேட்டும் எஃப்ட்ரங்கேட்டும்

மண்டபம் படகுத்துறையில் கேமரா பதிவைச் சேமிக்கும் சின்ன லினக்ஸ் பெட்டி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஓர் இரவுக்கு 20 ஜிபி கோப்பு வேண்டும். அதை முன்கூட்டியே உருவாக்க எஃப்ட்ரங்கேட் (ftruncate), ஃபாலோகேட் (fallocate) என்று இரண்டு அழைப்புகள், அதாவது நிரல் இயங்குதளத்திடம் வைக்கும் கோரிக்கைகள், இருக்கின்றன.

எஃப்ட்ரங்கேட் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் கோப்பின் நீளம் மாறுமே தவிர, டிஸ்கில் இடம் பிடிபடாது. நீளத்தைக் காட்டும் 'எல்எஸ்' (ls) கட்டளை 20 ஜிபி என்னும்; பிடித்த இடத்தைக் காட்டும் 'டியு' (du) கட்டளை கிட்டத்தட்டப் பூஜ்யம் என்னும். நள்ளிரவில் வேறொரு நிரல் இடத்தைத் தின்றுவிட்டால் பதிவு பாதியில் நிற்கும். விசைப்படகுகள் கரை திரும்பும் விடியற்காலைக் காட்சி அம்போ!

ஃபாலோகேட், லினக்ஸ் 2.6.23-இல் வந்த அழைப்பு. இடம் போதாவிட்டால் தொடக்கத்திலேயே கைவிரித்துவிடும். இருந்தால் பிளாக்குகளை (டிஸ்க் இடத்தின் சிறு துண்டுகளை) ஒதுக்கி, 'இன்னும் எழுதப்படாதவை' என்று குறித்துக்கொள்ளும். படித்தால் பூஜ்யமே வரும். உண்மையில் பூஜ்யங்களை எழுதி நிரப்புவதில்லை என்பதால் எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமைகள் (டிஸ்கில் கோப்புகளை அடுக்கும் ஏற்பாடுகள்) இரண்டிலும் இதுவும் வேகம்தான். பிளாக்குகள் பெரும்பாலும் அடுத்தடுத்துக் கிடைக்கும். சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு இது பெரிய லாபம்.

மற்ற யுனிக்ஸ்களிலும் ஓட வேண்டுமானால் யுனிக்ஸ்களுக்கான பொதுத் தரநிலையான போசிக்ஸில் உள்ள போசிக்ஸ் ஃபாலோகேட் (posix_fallocate) இருக்கிறது. கோப்பு முறைமை ஆதரிக்காவிட்டால் லினக்ஸ் நிரல்கள் பயன்படுத்தும் சி நூலகமான ஜிலிப்சி (glibc) பிளாக் பிளாக்காக எழுதத் தொடங்கும். 20 ஜிபி முடிவதற்குள் டீக்கடைக்கே போய்வரலாம்.

என் ஓட்டு ஃபாலோகேட்டுக்கு. நிரம்பாமலே போகக்கூடிய மெய்நிகர் கணினி டிஸ்குகளுக்கு எஃப்ட்ரங்கேட் போதும்.