ஹை பிரஷர் கேஸ் அடுப்பா, லோ பிரஷரா? சத்தத்தைக் கேட்டு முடிவு செய்யுங்கள்

டீக்கடை, மெஸ் தொடங்குபவர்கள் இந்த இரண்டில்தான் தடுமாறுகிறார்கள்.

சத்தம்
லோ: ரெகுலேட்டர் சதுர செ.மீ.க்கு 30 கிராம் அழுத்தத்தில்தான் கேஸ் விடும். சுடர் சிறு நீலக் கூம்புகளாக நிலைத்து நிற்கும். பக்கத்தில் நின்று பேசலாம்.
ஹை: கேஸ் சீறிப் பாய்ந்து காற்றோடு சுழன்று கலக்கும். சுடரின் மேற்பரப்பு ஓயாமல் கசங்கி விரியும். எரிந்த வாயு ஏறக்குறைய ஏழு மடங்கு பெருகுவதால், எரியும் அளவு கூடிக் குறையும் ஒவ்வொரு கணமும் சுற்றியுள்ள காற்று தள்ளப்படுகிறது. ‘கொர்ர்’ என்ற இரைச்சல் அதுதான். கேஸ் பாயும் சிறுதுளையான ஜெட்டின் ‘உஸ்’ அதற்கு மேல் தனி.

வேகம்
லோ: பால், குழம்புக்குப் போதும்.
ஹை: அண்டா சீக்கிரம் கொதிக்கும். சின்னப் பாத்திரம் வைத்தால் சுடர் விளிம்பைத் தாண்டி ஓடும், கேஸ் வீண்.

கோளாறு
லோ: துளை அடைத்தால் சுடர் குட்டையாகும், ஊசியால் குத்தினால் சரி.
ஹை: பர்னருக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகட்டை அதிகம் திறந்தால் சுடர் பர்னரை விட்டு எழும்பிப் படபடக்கும். இரைச்சலுக்குப் பயந்து தகட்டை மூடவே கூடாது: சத்தம் குறையும், ஆனால் மஞ்சள் சுடர், கரி, கார்பன் மோனாக்சைடு வரும். அழுத்தத்தைத்தான் குறைக்க வேண்டும். மேலே சுடர் சுருங்கி, குழாய்க்குள் உறுமல் கேட்டால் தீ உள்ளே இறங்கிவிட்டது. உடனே வால்வை மூடி, ஆறவிட்டுப் பிறகு பற்றவையுங்கள்.

சிறு அறை, நாள் முழுக்க சிறுதீ என்றால் லோ. திறந்தவெளிப் பந்தி, 50 பேருக்கு மேல் சமையல் என்றால் ஹை.