கையால கலக்குற மருந்தா, கம்பெனி மாத்திரையா?

நம்ம ஊர் கிளினிக்ல கம்பவுண்டர் மிக்சர் கலக்கி, பாட்டில் ஓரத்துல வேளைக்கு இவ்வளவுன்னு காகிதத்த வெட்டி ஒட்டிக் குடுத்தது பல பேருக்கு ஞாபகம் இருக்கும். 1900 வாக்குல அமெரிக்காவுலயும் இதான் நடைமுறை, டாக்டர் சீட்டுல பொருளையும் எடையையும் எழுதுவாரு, ஃபார்மசிஸ்ட் கல்வத்துல அரைச்சு பொடியோ களிம்போ அந்த ஒரு ஆளுக்குன்னே செஞ்சு தருவாரு. அப்புறம் ஃபேக்டரி மாத்திரை வந்து குவிஞ்சதும் அவரு வேலை எண்ணிப் போட்டு லேபிள் ஒட்டுறதா சுருங்கிடுச்சு.

சரி, எது மேல்? அளவுல கைக்கலவைதான், சந்தேகமே இல்ல. கம்பெனி ரெண்டு மூணு அளவுலதான் போடும், பச்சக் குழந்தைக்கு அதுல துளியூண்டு வேணும்னாலோ, மாத்திரைல இருக்குற சாயமோ லாக்டோஸோ ஒத்துக்கலைன்னாலோ என்ன பண்றது? விலை, கெடாம இருக்குறது, ஒவ்வொரு தடவையும் ஒரே தரம், இதுலெல்லாம் கம்பெனி.

பாதுகாப்புதான் சிக்கல். கம்பெனின்னா சேஃப்னு நினைக்கிறவங்க 1937ஐப் பாக்கணும். அமெரிக்காவுல டென்னிசி மாநிலத்து மாசன்கில் கம்பெனி, தொற்றுக்குக் குடுக்குற சல்ஃபானிலமைடு மருந்தை திரவமா குடுக்க டைஎத்திலீன் கிளைக்கால்ங்கற ரசாயனத்துல கரைச்சுது, ருசி வாசனை எல்லாம் பாத்தாங்க, விஷமான்னு மட்டும் பாக்கல. 100 பேருக்கு மேல செத்தாங்க, அதுல நிறைய குழந்தைங்க. விக்கிறதுக்கு முன்னாடி சோதிக்கணும்னு அப்ப சட்டமே கிடையாது, 1938லதான் வந்துச்சு. அந்த சட்டம் அங்கதான், ஆனா விஷம் எல்லா ஊருக்கும் ஒண்ணுதானே: 2025ல காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரான கோல்ட்ரிஃப் சிரப்புல அதே சாமான் 48.6%, மத்தியப் பிரதேசத்துல குழந்தைங்க செத்தாங்க.

கைக்கலவைக்கு விழுந்த பெரிய அடி 2012. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல நியூ இங்கிலாந்து காம்பவுண்டிங் சென்டர்னு ஒண்ணு, முதுகுத்தண்டுல போடுற ஸ்டீராய்டு ஊசி மருந்துல பூஞ்சை கலந்து 20 மாநிலத்துல 753 பேருக்கு நோய், 64 சாவு. ஆனா இத கைக்கலவைன்னு சொல்றதே எனக்கு ஒப்பல. மூணே பேட்ச்ல 17,000க்கு மேல குப்பி போட்டு ஊரெல்லாம் அனுப்பினது ஒரு ஆளுக்குன்னு கலக்குற கடையா? பேருக்கு ஃபார்மசி, வேலை ஃபேக்டரி, அதனால ஃபேக்டரிக்கு இருக்குற சோதனைல இருந்து தப்பிச்சுட்டாங்க.

அமெரிக்காவோட 2013 சட்டம் இத ரெண்டாப் பிரிச்சுது: ஒரு நோயாளி சீட்டுக்குக் கலக்குறது மாநில அரசு பாத்துக்கும், மொத்தமா செய்றவங்க அங்க மருந்தக் கண்காணிக்கிற மத்திய அமைப்பான எஃப்டிஏல பதிஞ்சு அவங்க சோதனைக்கு உட்படலாம். "படலாம்"தான், கட்டாயம் இல்ல, இது எனக்குப் பிடிக்கல. ரெண்டு வகையிலயும் வர்ற மருந்துக்கு எஃப்டிஏ ஒப்புதல் கிடையாதுங்கறதும் பல பேருக்குத் தெரியாது.

அதனால, சரியான அளவுல கம்பெனி மாத்திரை கிடைச்சா அதுவே போதும். கிடைக்கலைன்னா சீட்டு பாத்து நமக்குன்னு கலக்குற கடைக்குத் தயங்காம போகலாம், சீட்டே இல்லாம பெட்டி பெட்டியா முன்கூட்டியே கலக்கி வச்சிருந்தா நான் வாங்க மாட்டேன்.